மூன்று கோடு

கனகதாஸுக்கு அந்தச் சத்தம் பகலில்தான் கேட்கும். பேய்க் கதைகளில் வருகிற மாதிரி நடுச்சாமத்தில் கேட்டிருந்தால் மனைவி சத்தியபாயை எழுப்பி ஒரு ஜெபம் சொல்ல வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பார். இது பட்டப்பகலில், ரோட்டில் பாறசாலை பஸ் இரைந்துகொண்டு போகும் நேரத்தில், அவர் லேத்தை நிறுத்திவிட்டுச் சாயா கிளாஸைக் கையில் எடுக்கும்போது கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். மறுபடியும் டக்.

எதனுடைய சத்தம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பட்டறையின் பின் மூலையில் நிற்கும் மில்லிங் மெஷினில் போரிங் ஹெட்டை மாட்டி, தேய்ந்துபோன துளையைத் திரும்பவும் வட்டமாக்கும்போது எழும் சத்தம் அது. போரிங் ஹெட் என்பது சுழலும் ஓர் இரும்புத் தலை. அதிலிருந்து ஒரே ஒரு கூரான டூல் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். தலையிலுள்ள டயலைத் திருகினால் டூல் துளியளவு வெளியே நகரும், துளை அந்த அளவு பெரிதாகும். டயலில் ஒரு கோடு நகர்ந்தால் துளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடும். தேய்ந்த துளை வட்டமாக இருக்காது, முட்டை போல ஒரு பக்கம் நீண்டு கிடக்கும். அதற்குள் டூல் சுற்றும்போது முதலில் ஒரு பக்கத்து இரும்பு மட்டும் அதில் படும், மற்ற இடமெல்லாம் காற்று. அதனால் சுற்றுக்கு ஒரு டக். வெட்ட வெட்ட அந்த டக் நீண்டுகொண்டே போய், துளை முழு வட்டமாகிறபோது இடைவெளியே இல்லாத ஒரே சீறலாகிவிடும்.

அந்த மெஷினை ஓட்டியவன் அவருடைய தம்பி பொன்னுதாஸ். பொன்னுதாஸ் செத்துப்போய்விட்டான். மெஷினின் சுவிட்ச் அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் டக் டக் என்று கேட்டது, அந்தச் சத்தம் ஒருநாளும் சீறலாக மாறவில்லை. வட்டமாகாத துளை ஒன்றை யாரோ விடாமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனும் தம்பியும் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனிகளில் தொழில் படித்துவிட்டு ஊருக்கு வந்து போட்ட பட்டறை அது. அண்ணனுக்கு லேத்து, தம்பிக்கு மில்லிங். ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட்டாக அடிக்கிற ரோலர் மெஷின்கள்தான் அங்கே அதிகம் வரும். பெருங்கடவிளையிலிருந்தும் திருப்புறத்திலிருந்தும் லோடு ஆட்டோவில் வந்து இறங்கும். ரோலரைத் தாங்குகிற வார்ப்பிரும்புச் சட்டத்தில் துளை தேய்ந்திருக்கும். துளையை வெட்டிப் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்கிற வெண்கல வளையத்தை இறுக்கமாக அடித்து ஏற்றினால் மெஷின் இன்னும் பத்திருபது வருஷம் ஓடும். வேறு பட்டறைகளில் முதலில் துளை, அப்புறம் அதற்கேற்ற புஷ். இவர்களிடம் நேர் எதிர். அண்ணன் புஷ்ஷைக் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அளவைச் சாக்பீஸால் சட்டத்தில் எழுதி வைத்துவிடுவார். தம்பி அந்த எண்ணுக்குத் துளைப்பான். மூத்தவர் சொன்ன அளவு என்றால் சொன்னதுதான் என்று விளையாட்டாக ஆரம்பித்த பழக்கம். பின்னாளில், இரண்டு பேரும் பேச்சை நிறுத்திய பிறகு, பட்டறை மூடாமல் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான். எண் எழுதுவதற்கு வாய் வேண்டாமே.

பேச்சு நின்றது அம்மா செத்த அன்று. பொன்னுதாஸ் கல்யாணத்துக்குப் பிறகு மனைவி லீலாபாயின் பெந்தகொஸ்து சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருந்தான். கனகதாஸ் பழைய மிஷன் சபையில் கமிட்டிக்காரர். ஊர்ப்பட்ட சனத்துக்கு முன்னால், பெட்டியைத் தூக்கத் தம்பி குனிந்தபோது அவர் சொன்னார்:

"எலே, முங்கினவன் இந்தப் பெட்டியில கை வைக்காண்டாம்."

பொன்னுதாஸ் கையை எடுத்துக்கொண்டான். கல்லறைத் தோட்டத்து வாசல் வரை பின்னாலேயே நடந்து வந்து, உள்ளே வராமல், மதிலுக்கு வெளியே நின்று தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கோபத்தில் யாரும் எதையும் சொல்வார்கள், மறுநாள் போய்ப் பேசிவிட்டால் தீர்ந்தது. கனகதாஸ் போகவில்லை. தம்பி வரட்டும் என்று இருந்தார். இந்த மாதிரி இருப்பதற்கு மனிதனுக்கு வருஷக்கணக்கில் பலம் எங்கிருந்துதான் வருமோ!

பட்டறையைப் பிரிக்க முடியவில்லை. லேத்து இல்லாமல் மில்லிங்குக்கு வேலை கிடையாது, மில்லிங் இல்லாமல் லேத்துக்கும் பெரிய வேலை கிடையாது. அதனால் சாமான்களை மட்டும் பிரித்துக்கொண்டார்கள், அதுவும் பேசாமல். பெரிய மைக்ரோமீட்டரைக் கனகதாஸ் எடுத்துக்கொண்டார். அதன் மரப்பெட்டி தம்பியின் அலமாரியில் கிடந்தது, அது அங்கேயே தங்கிவிட்டது. பெட்டிக்குள்ளே ஒரு சின்ன எஃகுக் கம்பி உண்டு. விரல் நீளமும் வராது, இரண்டு முனையும் கண்ணாடியாகத் தீட்டியது. மைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று அதை நடுவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கம்பி வேண்டுமென்றால் தம்பியிடம் கேட்க வேண்டும். கனகதாஸ் கேட்கவில்லை. கைக்கு அளவு தெரியாதா என்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் அந்த மைக்ரோமீட்டர் லேத்து மேலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ணங்கென்ற சத்தத்துக்கு மூலையிலிருந்து பொன்னுதாஸ் திரும்பிப் பார்த்தான். மைக்ரோமீட்டரைப் பார்த்தான், அண்ணனின் முகத்தைப் பார்த்தான், வாயைத் திறப்பது போல இருந்தது, பிறகு தன் வேலைக்குத் திரும்பிவிட்டான். நக்கலாகப் பார்க்கிறான் என்று கனகதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்ரோமீட்டரை எடுத்துத் துடைத்து அதே வேகத்தில் புஷ் ஒன்றை அளந்து எண்ணை எழுதி வைத்தார். தம்பி துளைத்தான். புஷ் சுகமாக ஏறியது. அதற்குப் பின் வந்த வருஷங்களிலும் ஒரு புஷ்கூடத் தவறியது கிடையாது. மைக்ரோமீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் அதை மறந்தேபோனார்.

பொன்னுதாஸ் போனது நெஞ்சுவலியில். சாயங்காலம் ஒரு சட்டத்தில் துளையை முடித்துவிட்டு, மெஷினைத் துடைத்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனவன், விடியும்போது இல்லை. அடக்கத்துக்குக் கனகதாஸ் போனார். பெட்டியைத் தூக்கும்போது யாரும் அவரைத் தடுக்கவில்லை. லீலாபாயின் தம்பி தள்ளி நின்று அவருக்கு இடம்கூட விட்டான். அவருடைய கைதான் எழும்பவில்லை. வாசலில் வந்து நின்றுகொண்டார்.

அன்றைக்கு அடுத்த வாரம்தான் டக் சத்தம் தொடங்கியது.

முதலில் அவர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்து பார்த்தார். தம்பி கடைசியாகத் துளைத்த சட்டத்தில் தானே புஷ்ஷை ஏற்றினார், எப்போதும் போலச் சரியாக ஏறியது. அடுத்து, பெருங்கடவிளை செல்லையனுடைய சட்டம். வேறு ஆள் இல்லையே, மில்லிங்கைத் தானே ஓட்டுவோம் என்று இறங்கினார். கோயம்புத்தூரில் அவரும் போரிங் ஹெட் பிடித்தவர்தான். டயலைக் கோடு கோடாகத் திருகி வெட்டினார். தம்பியின் உள்ளளவு மைக்ரோமீட்டரைத் துளைக்குள் விட்டு அளந்தார். புஷ் இறுக்கமாக நிற்க, துளை அதைவிட இரண்டு கோடு சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு கோடுதான் வைத்திருந்தார். இந்த வேலையில் போட்டுப் பார்த்துக் கழற்றுவது என்பது கிடையாது, ஏறினால் ஏறியதுதான். பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார். பாதி போய் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். படாரென்று சட்டத்தின் காது, துளையைச் சுற்றியிருந்த இரும்பு, பிளந்தது.

செல்லையன் பிளந்த இரும்பைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

"கனகதாஸு, இது பொன்னுதாஸுக்க கையிருந்த மெஷினாக்கும். ஒன்னெ அவன் தொட விடமாட்டான். நீ இதுல கை வைக்காண்டாம்."

கை வைக்காண்டாம். அந்த வார்த்தையை வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோது கனகதாஸ் மெஷினை விட்டு இரண்டடி தள்ளிப்போனார்.

அடுத்த சட்டமும் பிளந்தது, அதே மாதிரி, அதே இடத்தில். அவர் அறிவோடுதான் யோசித்தார், அதைச் சொல்ல வேண்டும். உள்ளளவு மைக்ரோமீட்டர் பழுதோ என்று நெய்யாற்றின்கரையில் தெரிந்த பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்தார். ஒரு குற்றமும் இல்லை. போரிங் ஹெட்டைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். அதிலும் ஒரு ஆட்டமும் இல்லை. தன் மைக்ரோமீட்டரின் மேல் சந்தேகமே வரவில்லை. அதே மைக்ரோமீட்டரில் அளந்த புஷ்கள்தானே இத்தனை வருஷமும் ஏறின! அளவு அதே, மெஷின் அதே, இரும்பு அதே. மாறியது ஒன்றுதான், தம்பி செத்திருந்தான்.

அப்படியானால் பதில் கிடைத்துவிட்டது. அவன் என்னை மன்னிக்கவில்லை. வெறுத்துக்கொண்டே போயிருக்கிறான், போன இடத்திலிருந்தும் வெறுக்கிறான். கனகதாஸ் இதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. கோயிலில் பாட்டு நடக்கும்போதுகூடக் காதில் டக் டக் என்று விழுந்தது. சத்தியபாய் சொல்லிப் பார்த்தாள்.

"கேட்டியளா, அந்த மெஷினெ வித்துத் தள்ளுங்க. மார்த்தாண்டத்துல ஆளு உண்டு. அது அங்க நிக்கிய காலம்வரெ ஒங்களுக்கு ஒறக்கம் வராது."

"விக்கலாம்," என்றார். விற்றால் சத்தம் நிற்கும். ஆனால் விற்றுவிட்டால், வெறுத்துத்தான் போனான் என்பதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்கும் மனம் துணியவில்லை.

சத்தியபாய் சொல்லி மார்த்தாண்டத்து ஆள் மெஷினைப் பார்க்க வருவதாக இருந்த நாளில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது லீலாபாய். பட்டறைக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. ஆட்டோக்காரன் ஒரு ரோலர் சட்டத்தை இறக்கி வைத்தான். அவளுடைய வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ரப்பர் மரங்களும் இந்த ஒரு மெஷினும்தான் இனி அவளுக்கு. புருஷன் இருந்த காலத்திலேயே துளை தேய்ந்திருந்தது. ஊர் மெஷினை எல்லாம் சரியாக்கியவனுக்கு வீட்டு மெஷினைப் பார்க்க நேரம் வரவில்லை.

"அண்ணே, இதெ ஒண்ணு செரியாக்கித் தரணும். ரோலரு ஆடுது. ஷீட்டு ஒருபக்கம் கனமாட்டு வருது."

கனகதாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வேறெ எங்கயாவது கொண்டு போ, லீலா. எனக்க கையில இது ஒடையும். ரெண்டெண்ணம் ஒடைஞ்சாச்சு."

"கேட்டேன்," என்றாள். "செல்லையன் அண்ணன் வந்து சொல்லிச்சு, அவருக்க ஆத்மா இங்க நிக்குதுண்ணு. மரிச்சவங்க அப்பிடியொண்ணும் வந்து நிக்கமாட்டாங்க அண்ணே. நாங்க அதெ விசுவசிக்கியதில்ல."

"நீ விசுவசிக்காண்டாம். எனக்குக் கேக்குது."

அவள் கையிலிருந்த பையைத் திறந்தாள். பொன்னுதாஸின் சாப்பாட்டுப் பை. தினமும் மில்லிங் மெஷினின் கைப்பிடியில் தொங்கிக்கிடந்த அதே பை. அதற்குள்ளிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய சின்னதொரு பொருளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது என்ன சாதனமெண்ணு எனக்குத் தெரியாது. டெய்லி சோத்துக்கூட கொண்டு போவாரு, டெய்லி கொண்டு வருவாரு. இதெ என்னத்துக்குச் சொமக்குதியண்ணு கேட்டா, அண்ணன் ஒருநாளு கேட்டு வருவாரு, அப்பம் தேடப்பிடாது, கையில இருக்கணும்ணு சொல்லுவாரு. நீங்க கேக்கல்ல போல. அதாக்கும் நானே கொண்டு வந்தேன்."

துணியைப் பிரித்தார். எஃகுக் கம்பி. இரண்டு முனையும் துருவில்லாமல் பளபளத்தன.

கனகதாஸ் லேத்துப் பக்கம் போனார். மைக்ரோமீட்டரை எடுத்தார். கம்பியைத் துடைத்தார், மைக்ரோமீட்டரின் வாயைத் துடைத்தார், கம்பியை நடுவில் வைத்து மெல்ல மூடினார். சரியான மைக்ரோமீட்டர் என்றால் கோடு சுழியத்தில் வந்து நிற்க வேண்டும். அது சுழியத்தைத் தாண்டி மூன்று கோடு போய் நின்றது. எடுத்து, திரும்பவும் துடைத்து, திரும்பவும் வைத்தார். மூன்று கோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று கோடுதான்.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

கீழே விழுந்த அன்றே அது வளைந்திருக்கிறது, உள்ளதைவிட மூன்று கோடு குறைத்துக் காட்டுகிறது. அன்று முதல் அவர் கடைந்த ஒவ்வொரு புஷ்ஷும் அவர் எழுதிய எண்ணைவிட மூன்று கோடு பெரியது. எழுதியபடி துளைத்தால் இரண்டு கோடு இறுக்கம் ஐந்து கோடாகும், வார்ப்பிரும்பு பிளக்கும். அவர் துளைத்தபோது பிளந்ததே, அதுபோல. ஆனால் தம்பி இருந்தவரை ஒன்றுகூடப் பிளக்கவில்லை. முதல் புஷ்ஷே பிளக்கவில்லை. அப்படியென்றால் அந்த ணங் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தானே, அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் எழுதிய எண்ணை வாசித்து, அண்ணன் அந்தப் பக்கம் போன நேரத்தில் இந்தக் கம்பியை வைத்து மைக்ரோமீட்டரைச் சோதித்து, டயலை மூன்று கோடு கூடுதலாகத் திருகியிருக்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, சாகிறதுக்கு முந்தின சாயங்காலம் வரைக்கும். எந்த வாடிக்கைக்காரன் முன்னாலும் அண்ணனின் அளவு தப்பு என்று ஆகவிடவில்லை. மைக்ரோமீட்டர் கெட்டுப்போனது அண்ணனுக்கே ஒருநாள் தெரியவரும், அப்போது கம்பியைக் கேட்டு வந்துதானே ஆகவேண்டும், வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று அதைச் சோற்றோடு சேர்த்துச் சுமந்திருக்கிறான். ஆனால் அவனே மூன்று கோட்டைச் சரிக்கட்டிக்கொண்டிருந்ததால் அண்ணனுக்குத் தெரியவரவேயில்லை. அண்ணனைத் தலைகுனிய விடக்கூடாது, அண்ணன் தன்னிடம் வரவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது அந்தப் பைத்தியக்காரனுக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் இப்படிச் செய்தானா?

"என்னண்ணே?" என்று லீலாபாய் பதறினாள். கனகதாஸ் அழுதுகொண்டிருந்தார். சத்தமாக, பட்டறை வாசலில் ஆட்டோக்காரன் நிற்கிறான் என்ற வெட்கமில்லாமல் அழுதார்.

"இருந்துக்கோ லீலா," என்றார், முகத்தைத் துடைத்துவிட்டு. "போவாண்டாம். இப்பமே செய்து தாறேன்."

புஷ்ஷைக் கடைந்தார். கெட்ட மைக்ரோமீட்டரிலேயே அளந்தார். எண்ணைச் சாக்பீஸால் சட்டத்தில் எழுதினார், தம்பி வாசிப்பதற்கு எழுதுவது போல. பிறகு மூலைக்குப் போய்ச் சட்டத்தை மில்லிங் மெஷினில் கட்டி, துளையின் நடுவைப் பிடித்து, சுவிட்சைப் போட்டார். டக். டக். டக். இது நிஜச் சத்தம், லீலாபாய்க்கும் கேட்டது. வெட்ட வெட்ட டக் நீண்டது, ஒன்றோடொன்று தொட்டது, இடைவெளி அடைபட்டு முழுச் சீறலானது. சாக்பீஸ் எண்ணுக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தி உள்ளளவு பார்த்தார். இதுவரை அவர் இங்கேதான் வேலையை முடித்திருந்தார். டயலில் கையை வைத்தார். ஒரு கோடு. இரண்டு. மூன்று. கடைசி வெட்டில் மாவு போலப் பொடி உதிர்ந்தது.

பிரஸ்ஸில் அழுத்தும்போது லீலாபாய் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபித்தாள். புஷ் முனகிக்கொண்டே ஒரே சீராக இறங்கி விளிம்போடு விளிம்பாய் நின்றது. சட்டத்தில் ஒரு கீறல் இல்லை.

"செரியாச்சா அண்ணே?"

"அவன் வச்ச அளவாக்கும்," என்றார் கனகதாஸ். "செரியாகாமெ இருக்குமா?"

அவள் போன பிறகு மார்த்தாண்டத்து ஆளுக்கு போன் பண்ணி, விற்கவில்லை என்று சொன்னார். மைக்ரோமீட்டரைத் திருகிச் சரிசெய்ய ஒரு சின்னச் சாவி போதும், சாவியும் அந்த மரப்பெட்டியில்தான் கிடந்தது. அவர் சரிசெய்யவில்லை. கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாயா கிளாஸோடு மூலைக்குப் போய், முன்பு தம்பியின் பை தொங்கிய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எலே பொன்னு," என்றார். அம்மா செத்த நாளுக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. "கம்பி கேட்டு வந்திருக்கேன் லே."

பட்டறை அமைதியாக இருந்தது. ரோட்டில் பஸ் போயிற்று. அவர் காத்துக்கொண்டு நின்றார், சாயா ஆறியது.

அன்றோடு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. சத்தியபாய்க்கு நிம்மதி, புருஷன் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று எல்லோரிடமும் சொல்கிறாள். அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கனகதாஸ் இப்போதும் தினமும் அந்த நேரத்துக்கு லேத்தை நிறுத்துகிறார், ஃபேனையும் அணைக்கிறார், சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு மூலையைப் பார்த்துக் காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு டக் கேட்டால் போதும். கேட்கவில்லை.